கிரனாடாவுக்கு எடுத்து வைத்த ஸ்டிக்கர்

டூங்கபி
20.01.2013

அன்பு மகள் கௌசிகாவுக்கு அம்மா எழுதுவது.

நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை வரவில்லை. இருக்கிறேன். நீ அங்கே மட்ரிட்டில் சுகமாயிருக்க வேண்டும் என்று வெள்ளிக்கு வெள்ளி முருகனிடம் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன், உன்னில் கோபம் என்றதற்காக அதை நிறுத்தவில்லை. போன் அடித்தால் எடுக்கிறாயில்லை, எடுத்தாலும் ஓம், இல்லை, பிறகு கதைக்கிறன் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை கிடந்தால் கிடக்கட்டும், கடைசி மட்டும் வாசி.

இங்கே வெயில் என்றால் வெயில், வெள்ளிக்கிழமை நெருப்பைக் கொட்டியது மாதிரி இருந்தது, பின்வளவில் அப்பா வைத்த கறிவேப்பிலை ஒரு பக்கம் கருகிப் போச்சு. கார் கராஜிலேயே நிற்கிறது. எனக்கு ஓடத் தெரியாது, விற்கவும் மனம் இல்லை, நார்த்மீட் வேலைக்கு பஸ்ஸில்தான் போய் வருகிறேன், வயது போனவர்களின் ஹோமில் அதே குசினி வேலைதான். போன கிழமை யோசித்துக்கொண்டு இருந்து இறங்குகிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன், அந்த வெயிலுக்குள் திரும்பி நடந்து வந்தேன், உன் அப்பா இருந்தால் அப்படி நடக்க விட்டிருப்பாரா. அங்கே உங்களுக்குப் பனி என்று சொல்கிறார்கள். காலுக்கு மேசு போடு. தலைக்கு எண்ணெய் வைக்கிறாயோ தெரியாது, படத்தில் பார்க்கத் தும்பு மாதிரி நிற்கிறது. கையில் ஏதோ சிவப்பாய் ஒரு கிளாஸும் இருந்தது, அது என்ன என்று நான் கேட்கவில்லை, ரஞ்சினி மாமி கேட்டா, திராட்சைச் சாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஐயர் திதி பார்த்துச் சொல்லிவிட்டார், அப்பாவின் முதல் வருஷ ஆட்டைத்திவசம் வருகிற மாதம் ஒரு சனிக்கிழமை விழுகிறது. அதைச் சொல்லத்தான் உனக்கு அத்தனை தரம் போன் அடித்தேன். கடைசியில் எனக்குச் செய்தி சொன்னது மாமியின் மகள் மேனுகா. அந்தச் சனிக்கிழமை உனக்குச் சுற்றுலாவாம். உன் ஸ்பானிஷ் பள்ளிக்கூடம் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் கோயில், அரண்மனை, கூத்து என்று காட்டித்திரிகிறதே, இந்த முறை புதிதாய் வந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு உன்னுடையதாம். எங்கே என்று கேட்டேன். கிரனாடாவாம். நான் கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். ரஞ்சினி மாமி சும்மா இருப்பாவா, தகப்பன் சாகேக்கையும் அங்கதான் நிண்டவள், திவசத்துக்கும் அங்கதான் நிக்கப் போறாளாமோ, அப்பிடி என்ன மச்சாள் அங்க கொட்டிக் கிடக்குது என்று கேட்டா. போன வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, படிக்கிற பிள்ளையைக் குழப்பாதேங்கோ மச்சாள், ஒண்டும் சொல்லாதேங்கோ என்று என் கையைப் பிடித்ததும் இதே வாய்தான். அப்பாவுக்குக் கடுமை என்று அப்போது டூங்கபியில் எல்லாருக்கும் தெரியும், சாமான் கடைக்காரருக்கும் தெரியும், உனக்கு மட்டும் தெரியாது. இன்றைக்கு அந்தச் சனம் எல்லாம் சேர்ந்து நீ வரவில்லை என்று உன்னைத் திட்டுகிறது. நல்ல சனம்.

நீ செத்தவீட்டில் சொன்னதை நான் மறக்கவில்லை. அப்பா சாகக் கிடக்க நீங்கள் என்னை ஊர் பார்க்க விட்டிட்டீங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாய், அம்மாவுக்கு எங்கே விளங்கப்போகுது என்று நினைத்தாய் போல. அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அது இன்னொரு சாவு. நீ கேட்கிறாய் என்று நான் இதில் மன்னிப்பு எழுத மாட்டேன். அவர் சொன்னதைத்தான் செய்தேன். நீ எங்களை விட்டுப் போன நாள் தொடக்கம் அவர் குசினிச் சுவரில் ஸ்பெயின் மாப்பை ஒட்டி வைத்துக்கொண்டு செய்த கூத்து உனக்குத் தெரியும்தானே. பள்ளிக்கூடம் உன்னை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும், நீ திரும்பி வந்து போனில் கதை சொல்லி முடிய, அப்பிளில் இருந்து ஸ்டிக்கரை உரித்து அந்த ஊரில் ஒட்டுவார். தொலேதோவுக்கு ஒன்று, செகோவியாவுக்கு ஒன்று. கதை சொல்லாமல் ஒட்ட மாட்டார், நீ ஒரு முறை களைப்பாய் இருக்கு என்று படுத்துவிட அடுத்த கிழமை மட்டும் காத்திருந்து ஒட்டினார். வாழைப்பழத்து ஸ்டிக்கரை நான் கொடுத்தால், அது பெரிசு குணவதி, பக்கத்து ஊரையும் மறைச்சுப்போடும் என்பார்.

போன வருஷம் அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை நீ போன் அடிக்கும்போது அவர் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில். நெஞ்சில் வயர். நர்ஸைக் கெஞ்சி அந்த மெஷின் சத்தத்தைக் குறைக்கச் செய்து, என்னை ஜன்னல் பக்கம் போய் அழச் சொல்லிவிட்டு, உன்னோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தார். நாளைக்குக் கிரனாடா என்றாய். வடிவாப் பார்த்திட்டு வந்து எனக்குச் சொல்லு குஞ்சு, ஒண்டும் விடாமல் சொல்ல வேணும் என்றார். போனை வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டில் கிடந்த அப்பிளில் ஸ்டிக்கரை உரித்தார், அப்பிளைத் தின்னவில்லை. இதை வீட்ட கொண்டு போய் வை, அவள் சொன்ன பிறகு ஒட்டுவம் என்று என் கையில் ஒட்டிவிட்டார். அடுத்த நாள் இரவு போய்விட்டார். அவர் மறைக்கச் சொன்னது உன்னில் பாசம் இல்லாமலா. போய்ச் சேர்ந்த மனிசனை நீ ஒன்றும் கேட்கவில்லை, இருக்கிற என்னைத்தான் கேட்டாய்.

இவ்வளவையும் மேனுகாவிடம் கொட்டி, அந்தக் கிரனாடா அரண்மனையை இரண்டாம் தரம் பார்க்கவா தகப்பன்ர திவசத்தை விடுறாள் என்று ஏசினேன். அவள் சொன்னாள், மாமி, அவள் ஒரு தரமும் பார்க்கேல்லை, வாசலில வரிசையில நிக்கேக்கதான் உங்கட போன் போனது, அப்பிடியே திரும்பி வந்தவள், பார்க்காமல் அப்பாவுக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டு என்னட்டக் கேட்டு அழுதவள் என்று. நான் இந்த ஒரு வருஷமும் நீ உள்ளே போய்த் தண்ணீர்த் தொட்டியும் பூந்தோட்டமும் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அவர் போனார் என்றுதான் நினைத்து நினைத்து எரிந்தேன். அதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, மேனுகாவிடம் சொல்லியிருக்கிறாய். அம்மாவுக்கு மறைத்துவிட்டாய். யாருடைய பிள்ளை என்று கேட்கவே தேவையில்லை.

இதைக் கேட்டு என் மனம் ஆறிவிட்டது என்று நினைக்காதே, ஆறவில்லை. நீ வந்து பக்கத்தில் நின்றிருக்க வேண்டும், சபையில் நான் தனியப் படைக்கப் போகிறேன், ஆளாளுக்குக் கேட்பார்கள், பரீட்சை என்று பொய் சொல்லப் போகிறேன், அதுவும் எனக்குப் பழகின வேலைதான். போ. போய்ப் பார். வந்த பிள்ளைகளை விட்டுத் தொலைக்காமல் பார், அப்பாவுக்காகவும் பார். பின்னேரம் சனம் எல்லாம் கலைந்துவிடும், ரஞ்சினி மாமியையும் அனுப்பிவிடுவேன். அவருடைய படத்துக்கு முன்னால் தேத்தண்ணி வைத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருப்பேன். எத்தனை மணியானாலும் இருப்பேன். என்னோடு நீ கதைக்க வேண்டாம். அவருக்குச் சொல்லு, ஒன்றும் விடாமல் சொல்லு, நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பேன்.

பத்திரமாய் இரு பிள்ளை, நேரத்துக்குச் சாப்பிடு, பாஸ்போட்டை பஸ்ஸில் விட்டுவிடாதே. நீ நீண்ட ஆயுளோடு, கண்ணீர் இல்லாமல் வாழ வேண்டும், என் வாயால் வேறு ஒன்றும் வராது. அந்த ஸ்டிக்கர் இன்னும் பிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது, ஓரம் சுருளத் தொடங்கிவிட்டது. நீ சொன்னால் எடுத்துக் கிரனாடாவில் ஒட்டுவேன். அன்றைக்கு நீ போன் அடிக்காவிட்டால் அடுத்த நாள் மாப்பையும் சேர்த்துக் கழற்றிவிடுவேன்.

உன் அம்மா
குணவதி