பிக்கப் வைத்த இடம்

விருத்தாசலம்,
15.3.2025

அன்புள்ள ராஜவேலுவுக்கு,

உன் அண்ணன் பச்சமுத்து எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீயும் வாசுகியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதத்தான் கை வரவில்லை.

போன வாரம் மூன்று தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. எங்களுடையது இரண்டு அறை வீடு. எந்த மூலையில் நின்று பேசினாலும் கயல்விழிக்குக் கேட்கும். இது அவள் காதில் விழக் கூடாத பேச்சு. அதனால் கம்பெனியில் டீ நேரத்தில், பீங்கான் ப்யூஸ் அடுக்குகிற அட்டைப்பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். தாளில் வெள்ளை மண் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

நம் பாட்டுக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து என் மனைவியை நீ அக்கா என்றுதான் கூப்பிடுகிறாய். அந்த உன் அக்கா கயல்விழிக்குத் தொண்டையில் கட்டி, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். கட்டி குரல்பெட்டியில் இருந்தது. புற்றுநோய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் முன்பக்கம் ஒரு துளை வைத்திருக்கிறார்கள், மூச்சு அதன் வழியாகத்தான் போய் வருகிறது. சாப்பிடுகிறாள், நடக்கிறாள், துணி துவைக்கிறாள். பேச்சு இல்லை. இனிமேலும் வராது. தொண்டையில் அழுத்திப் பேசுகிற ஒரு கருவி கொடுத்தார்கள். ஒரு நாள் வைத்துப் பார்த்தாள். மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரே சுருதியில் சத்தம் வந்தது. பெட்டியில் வைத்து மூடியவள் அதை மறுபடி திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் மேடையில் நின்று பாடியவள் அந்தச் சத்தத்தைத் தன் குரல் என்று எப்படி ஒத்துக்கொள்வாள், நீயே சொல்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். யாரிடமாவது சொல்லிவிட்டால் அது முடிந்துபோன விஷயம் ஆகிவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

நீ ஊரில் இருந்தபோது நான் ஒரு பேஸ் கிட்டார் செய்ய ஆரம்பித்தேனே, அதைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டும். கம்மாபுரத்தில் அவள் பிறந்த வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போனபோது வெட்டிய பலாமரத்தில் ஒரு பலகை வாங்கிவந்தேன் அல்லவா, அது. உடம்பு செதுக்கி, கழுத்து பூட்டி, நரம்பும் ஏற்றிவிட்டேன். பிக்கப் மட்டும் பாக்கி இருந்தது. மற்ற வேலை எல்லாம் அளவுப்படி செய்துவிடலாம். நரம்பின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் அந்தச் சின்னக் காந்தத்தைக் கட்டையில் எந்த இடத்தில் குழி வெட்டிப் பதிப்பது என்பதற்கு மட்டும் அளவு கிடையாது, காதுதான். கழுத்துப் பக்கம் தள்ளிவைத்தால் சத்தம் கனத்து, உருண்டு வரும். நரம்பு முடிகிற பிரிட்ஜ் பக்கம் வைத்தால் மெலிந்து, வெட்டுவெட்டாக வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் அது வேறு வாத்தியம்.

போன புரட்டாசியில் அவளும் நானும் உட்கார்ந்து அதைத் தேடினோம். பிக்கப்பை ஒரு மரச்சட்டத்தில் கவிழ்த்துக் கட்டி, நரம்புகளுக்கு மேலே பிடித்து நகர்த்திக்கொண்டே வந்தேன். நான் வாசிக்க அவள் பாடினாள். அவள் குரல் கனத்த குரல். கழுத்துப் பக்கம் போனபோது இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. "அங்க வச்சா என் கொரலு உள்ள போயிடுதுங்க, இந்தாண்ட தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். இன்னும், இன்னும் என்றாள். பிரிட்ஜிலிருந்து ஏழு சென்டிமீட்டரில் பாட்டை நிறுத்திவிட்டு, "இங்கதான், எனக்கு எடம் வுட்டுட்டு நிக்குது" என்றாள். பென்சிலால் கோடு போட்டேன். அன்றைக்கே அவள் குரல் லேசாகக் கரகரத்தது. சளி என்று நினைத்தோம்.

ஆபரேஷன் தியேட்டருக்குள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "நான் வர்றவரைக்கும் கட்டைய வெட்டிடாதீங்க" என்று சொன்னாள். நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

வெட்டவில்லை. நான்கு மாதம் பரண்மேல் கிடந்தது. வீட்டில் மரத்தூள் பறந்தால் அவள் கழுத்துத் துளைக்குள் போய்விடும் என்று பயம். கம்பெனிச் சட்டையைக்கூட வாசலில் கழற்றி உதறிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

போன மாதம் நம் குழுத் தலைவர் கோவிந்தசாமி வீட்டுக்கு வந்தார். அவளை நலம் விசாரித்துவிட்டு என்னிடம், "பச்சமுத்து, மாசி மகத்துக்கு அந்தப் புது கிட்டார எடுத்தாந்துடு. சண்முகப்ரியான்னு ஒரு பொண்ணு பாடுது. கொரலு மேலயே நிக்குது, கீழ தாங்கிக்க கனமா ஒண்ணு வேணும்" என்றார். நல்ல மனுஷன்தான், வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் போனதும் உன் அக்கா நோட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள். அவள் பேசுவது இப்போது அந்த நோட்டில்தான். "அந்தப் பொண்ணு கொரலுக்குத் தகுந்தாப்ல வைங்க. என் அளவு இனிமே வேணாம்."

ராஜவேலு, அப்போது எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. "வாய மூடிக்கிட்டு சும்மா இரு" என்று கத்திவிட்டேன்.

யாரிடம் என்ன சொன்னேன் பார். அவள் நோட்டை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் கிட்டார் பரணிலிருந்து இறங்கியிருந்தது. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இருந்தது. அந்தப் பெண் பாடிய ஒத்திகையைக் கோவிந்தசாமிக்குப் போனில் எழுதிக் கேட்டு வாங்கி, போனில் ஓடவிட்டு, தானே நரம்பைத் தட்டித் தட்டி பிக்கப்பை நகர்த்திப் பார்த்திருக்கிறாள். பதினைந்து சென்டிமீட்டரில் புதுக்கோடு. பழைய கோட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சுத்தமாக எடுத்துவிட்டாள். கழுத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தாள். வாசித்துப் பார்த்தேன். அவள் தேர்ந்தெடுத்த இடம் சரிதான். அந்தப் பெண்ணின் குரலுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது.

அடுத்த ஞாயிறு தச்சுப்பட்டறை மணியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவன் மிஷினைத் தயாராக வைத்துவிட்டு, "கோட்டு மேலயே வெட்டிடட்டுமாண்ணே?" என்று கேட்டான். நான் அவனிடமிருந்து ஸ்கேலை வாங்கினேன். பிரிட்ஜிலிருந்து ஏழு சென்டிமீட்டர் அளந்து புதிதாகக் கோடு போட்டு, இங்கே வெட்டு என்றேன். வேறு இடத்தில் வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினைந்தில் வெட்டினால் அவள் இனி பாடமாட்டாள் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. எனக்காகத்தான் செய்தேன். அவளுக்காகச் செய்ததாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பிக்கப்பை மாட்டி, ஒரே ஒரு நரம்பைத் தட்டினேன். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். கட்டையைப் பார்க்கக்கூட இல்லை. நோட்டை எடுத்து எழுதினாள். "ஏழுல வெட்டிட்டீங்க." அதன் கீழே, "இல்லாத கொரலுக்கு எதுக்கு எடம் வுட்டீங்க? நீங்க வாசிக்கறப்பல்லாம் அந்த எடம் காலியா கெடக்கறத நான் கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

அது மார்ச் இரண்டாம் தேதி. அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை. உப்பு போதுமா என்று கேட்டால்கூடத் தலையாட்டுவதில்லை. பேனாவை நோட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன், வைத்தபடியே இருக்கிறது. இரண்டே பேர் இருக்கிற வீடு.

மகத்துக் கச்சேரிக்கு நான் போகவில்லை, வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். மைக் சத்தம் ஆற்றங்கரையிலிருந்து எங்கள் தெருவரைக்கும் வந்தது. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். நானும் உதவிக்குப் போகவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் குழியில் பலாத்துண்டு வைத்து அடைத்துவிட்டு வேறு இடத்தில் வெட்டலாம் என்று மணி சொல்கிறான். கட்டைக்கு வழி இருக்கிறது.

நான் வேலைக்கு வந்த பிறகு பகலில் இரண்டு தடவை வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி எதிர்வீட்டு அமுதவள்ளியிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளை வீட்டில் வைப்பதில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன், வேளைக்கு ஒன்று எடுத்துக் கொடுக்கிறேன். அதையும் உன் அக்கா கவனித்திருப்பாள்.

ஒரே ஒரு உதவி. உன் அக்கா பெயருக்கு ஒரு கடிதம் எழுது. போனில் அனுப்பாதே, பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்துவிடுவாள். தாளில் எழுதித் தபாலில் போடு. வருத்தம் எதுவும் எழுதாதே, ஆபரேஷன் பேச்சே வேண்டாம். வாசுகிக்கு இது ஐந்தாம் மாதம் என்று சொன்னாய் அல்லவா? பிறக்கப் போகும் பிள்ளைக்கு நீங்கள்தான் பெயர் வைக்க வேண்டும் அக்கா என்று கேள். உன் பேச்சை அவள் தட்டமாட்டாள். அவள் எழுதி அனுப்பும் முதல் பெயரை ஒத்துக்கொள்ளாதே. வாசுகிக்குப் பிடிக்கவில்லை, வேறு சொல்லுங்கள் என்று திரும்ப எழுது. அடுத்ததற்கும் ஏதாவது சாக்குச் சொல். பிள்ளை பிறக்கும்வரை இழுத்துக்கொண்டே போ. பிறந்த பிறகு என்ன கேட்பது என்று நான் யோசித்து எழுதுகிறேன்.

வாசுகி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும். பழமலைநாதர் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எழுதிப் போட்டுவிடு, ராஜவேலு. நாளைக்கு என்று வைக்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பச்சமுத்து