சூடு படாமலே உருகியது

திங்கட்கிழமை, ஜொகூர் பாரு

வெள்ளிக்கிழமை ஊருக்கு, பெக்கோக் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். லேப் கூட்டும் மாரியக்காவிடம், "ஜன்னல்கிட்ட இருக்கறதுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திருங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். செடிக்கு என்று ஒரு சொல் சேர்க்க எனக்கு என்ன கேடு? செடிக்குப் பக்கத்தில்தான் என் கூழ்மப் படிகப் புட்டி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள் சுத்தமான தண்ணீரில் தாமாக வரிசை கட்டி, மயில்கழுத்து நிறத்தில் மின்னும். பைப் தண்ணியின் உப்பு பட்டால் வரிசை கலைந்துவிடும். அதைத்தான் நாங்கள் உருகுவது என்கிறோம்.

இன்று காலை புட்டி பாலாக வெளுத்திருந்தது.

"ரெண்டுக்கும் ஊத்தினேன்மா. சூடே படலயே, எப்படி உருகும்? பழையபடி ஆயிரும்தானே?"

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். மணிகள் எல்லாம் இருக்கின்றன. எதுவும் அதனதன் இடத்தில் இல்லை.

"ஆயிரும்க்கா" என்றேன். நாளைக்குள் ஆகாது.

நாளைக்குப் பேராசிரியர் பார்க்க வருகிறார். யார் ஊற்றியது என்றுதான் முதலில் கேட்பார். அக்கா கான்ட்ராக்ட் ஆள், ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள். நான்தான் என்று சொன்னால், மூன்று மாத வேலையை நானே...

செடி மட்டும் புதிதாக ஓர் இலை விட்டிருக்கிறது.