மந்திரக் கிழவனைத் தள்ளிவிட்ட விவரம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று ஒரே வார்த்தையில் முடித்தால் நீ நம்ப மாட்டாய். ஆகவே விவரமாகவே சொல்கிறேன். படி ஏறும்போது இடது முழங்கால் வலிக்கிறது. பசிக்கிறது, தூக்கம் வருகிறது. பல்செட் லேபில் வேலைக்குக் குறைவில்லை. ஊரில் இருக்கிறவர்களெல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் பல்லைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தால் இரண்டு நிமிடத்தில் "சரிம்மா, வெச்சிடறேன்" என்கிறாய். நான் சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது. பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி.

அன்றைக்கு உன்னைப் பற்றி எல்லோர் முன்னாலும் நான் சொன்ன வார்த்தை ஏழு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. நீ விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரைத் திறந்து, நீ ஆடுவாயே, அந்த விளையாட்டை ஆட ஆரம்பித்தேன். லேபில் என் பக்கத்து மேஜையில் மெழுகு வேலை செய்கிறாளே, அவள் வீட்டுக்காரர் இந்த மாதிரி ஆட்டத்தில் புலியாம். அவரிடம் கேட்டுக் கேட்டு அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள், எந்தப் பொத்தானை அழுத்தினால் நடக்கும், எதை அழுத்தினால் வாளை உருவும் என்று. முதல் நாள் முழுக்க நான் ஒரு சுவரைப் பார்த்தே நடந்துகொண்டிருந்தேன்.

நல்லவளாக இருக்கலாமா கெட்டவளாக இருக்கலாமா என்று ஆட்டம் கேட்டது. இதென்ன கேள்வி என்று நல்லவளையே எடுத்தேன். கூடவே நான்கு பேர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஒரு வாள்வீரன், ஒரு வைத்தியக்காரி, வில் வைத்திருக்கும் ஒரு பெண், ஒரு மந்திரக் கிழவன். கொஞ்ச தூரம் நடந்து எங்கேயாவது உட்கார்ந்தால் போதும், ஒவ்வொருவராக வருவார்கள். ஒருவனுக்குத் தொலைந்த தம்பியைத் தேட வேண்டும், ஒருத்திக்கு ஆறுதல் வேண்டும். பதில் சொல்ல மூன்று வரி கொடுப்பார்கள். முதல் வரி பதவிசானது, மூன்றாவது அடாவடியானது. நான் மூன்று வாரமும் முதல் வரியையே அழுத்தினேன். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். லேபில் இருபத்தாறு செட் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு பாலத்தின் நடுவில் அந்தக் கிழவன் நின்றுகொண்டு, புத்தகத்தை மறந்துவிட்டேன், திரும்பிப் போய் எடுத்து வரலாம் என்றான். அது மூன்றாவது தடவை, சிட்டு. எனக்குக் கை தானாகப் போய்விட்டது. மூன்றாவது வரி. அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். உன்னை நம்பித்தானே வந்தேன் என்று கத்திக்கொண்டே விழுந்தான். நான் சத்தமாகச் சிரித்தேன். அத்தனை பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு போய்க் கையைக் கழுவினேன், எதற்கென்று கேட்காதே. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சிரிப்பை எங்கே கேட்டோம் என்று அப்போதுதான் நினைவு வந்தது. அப்பா பக்கவாதத்தில் படுத்து ஒன்பது மாதம் ஆகியிருந்த சமயம். லேபில் கரண்ட் போனதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். திரையில் கறுப்புக் கவசம் போட்ட ஒருத்தி, அதாவது நீ, கூட நடந்து வந்த வைத்தியக்காரியை மலை விளிம்புக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிட்டுச் சிரித்தாய். நீ சிரித்துப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அதை அப்படியே மனதில் வைத்திருந்து, அப்பா போன பத்தாம் நாள், அத்தை உன்னைப் பொறுமைசாலி, தங்கம் என்று புகழும்போது வாயைத் திறந்தேன். "பொறுமையாவது! கூட வர்றவங்கள ஒவ்வொருத்தரா கொன்னுட்டுச் சிரிக்கிறவ இவ. அப்பாவப் பத்தி மனசுல என்ன நெனச்சிருந்தாளோ" என்றேன். நீ அடுத்த வாரமே வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

கிழவன் செத்த மறுநாள், மெழுகுக்காரியின் தாளைப் பார்த்துக்கொண்டே, நீ ஆடிய பழைய ஆட்டங்களைத் தேடினேன். விட்ட இடத்தைச் சேமித்து வைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும் அல்லவா? நீ கொடுத்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். 'மூத்திரப் பை மூணு தடவை மாத்தினேன்.' 'சித்தப்பா இன்னிக்கும் வரல.' 'அத்தை வந்தாங்க, அறிவுரை சொன்னாங்க, போனாங்க.' 'இனி வலது கை வராதாம்.' திறந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒருவன் செத்துக் கிடக்கிறான். கை வராது என்று சொன்ன அன்றைக்கு ஒரு ஊரையே கொளுத்தியிருக்கிறாய். நன்றாகச் செய்தாய்.

கடைசிப் பெயர் 'அம்மா பார்த்துட்டா.' அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. தேதியைப் பார்த்தேன். அப்பா போவதற்கு ஐந்து மாதம் முன்னால். அந்த ஐந்து மாதமும் நீ அதைத் தொடவே இல்லை. உனக்கென்று இருந்த ஒரு மணி நேரத்தையும் என் ஒரு பார்வை பிடுங்கிக்கொண்டது. அது தெரியாமல் பத்தாம் நாள் உன்னைக் கொலைகாரி ஆக்கினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் நான் தினமும் லேபில் அரை மணி நேரம் கூடுதலாக இருந்தேன். வேலை இருந்தது என்று உன்னிடம் சொன்னேன். பொய். ஏற்கெனவே பளபளக்கிற பல்லை மறுபடியும் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்கு வரப் பிடிக்காமல். ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இன்றைக்கு எல்லாம் முடிந்திருந்தால் தேவலை என்று நினைத்தேன். அவர் மேல் எனக்கு உயிர். ஆனாலும் நினைத்தேன். நீ விளையாட்டில் பொம்மைகளைத்தான் கொன்றாய். நான் நினைத்தது உன் அப்பாவை. என் மேல் வந்த அருவருப்பைத்தான் உன் தலையில் கொட்டினேன். என்னை மன்னித்துவிடு, சிட்டு.

போன செவ்வாய்க்கிழமை அத்தை வந்தாள். மாமாவுக்கு இடுப்பில் ஆபரேஷன், மூன்று மாதம் படுக்கையாம். "சிட்டுவை லீவு போட்டு வரச் சொல்லுங்க அண்ணி. அவளுக்குத்தான் எல்லாம் பழக்கம், முகம் சுளிக்காம செய்வா" என்றாள். பதவிசான பதில் நுனி நாக்கில் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, அவள் வர மாட்டாள் என்றேன். உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னாள். கேட்க மாட்டேன் என்றேன். அப்படியானால் நீங்களாவது வாருங்கள் என்றாள். நானும் வர மாட்டேன், ஆள் வைத்துக்கொள், நல்ல ஆளாகத் தேடிக் கொடுக்கிறேன் என்றேன். டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டாள். ஆறிப்போன அந்த டீயை நானே குடித்தேன்.

அவள் உனக்குப் போன் செய்வாள், அழுவாள். உன்னால் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தை அவசரமாகக் கூரியரில் அனுப்புகிறேன். அம்மா முடியாது என்று சொல்லிவிட்டாள் என்று என் மேல் பழியைப் போடு. நான் கெட்டவளாக இருந்துகொள்கிறேன், கொஞ்சம் பழகிவிட்டது.

நீ வீட்டுக்கு வந்தால் எதையும் செய்ய விட மாட்டேன். இந்த வீட்டில் படுக்கையில் யாரும் இல்லை. சும்மா வா, சும்மா இரு, சும்மா போ. வரப் பிடிக்காவிட்டால் வராதே, அதற்கும் கோபப்பட மாட்டேன். போனில் மட்டும் இனிமேல் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லாதே. திட்ட வேண்டுமென்றால் திட்டு, நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

யாருக்கும் நல்லவளாக இருந்து காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாமல், என் கண்ணே, நீ நூறு வருஷம் நன்றாக இரு.

உன்னிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும்,
அம்மா