ஏழு ஐம்பதுக்கு வந்த கேள்விகள்

செப்டம்பர் 2, 2024, திங்கள்

காலைச் சர்க்கரை 148. நேற்று ஆலயத்தில் யாரோ பிறந்தநாள் கேக் கொடுத்தார்கள். மறுத்திருக்க வேண்டும்.

எங்கள் ஆம்பூர் விற்பனைக் குழுவில் பத்தொன்பது புதிய பதிவுகள். மூன்றைத் திருப்பினேன். விலை போடாமல் ‘இன்பாக்ஸ் வரவும்’ என்கிறார்கள். பக்கத்துத் தெரு ஹெலன் ஃபேஸ்புக்கில் இந்தக் குழுவைத் தொடங்கி, சண்டை தாங்காமல் என்னிடம் ஒப்படைத்து இரண்டு வருடம் ஆகிறது. “நீங்க பாத்துக்கிட்டா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க ஆன்ட்டி.” உண்மைதான். ஷூ கம்பெனியின் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். நான் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

சண்டையெல்லாம் வரிசைக்குத்தான். ஒரு பதிவின் கீழே யாராவது ஒரு வார்த்தை எழுதினால் போதும், அது மேலே ஏறிவிடும், மற்றவை இறங்கும். மச்சானையும் மாமியையும் ‘விலை என்ன?’ என்று கேட்கவைத்தே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் மூன்றாவது விதி அதற்காக: சொந்தப் பதிவை வாரத்துக்கு ஒருமுறை ஏற்றலாம். ஆள் வைத்துக் கேள்வி கேட்டால் பதினைந்து நாள் பூட்டு, கீழே யாரும் எழுத முடியாது. முறையீடு ஞாயிறு மாலை மட்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஜெயசீலன் போன் செய்தார். பைபாஸில் பழைய தையல் மிஷின் கடை வைத்திருப்பவர். “கம்ப்ளெய்ண்ட் பண்றேன்னு நெனைக்காதீங்க மேடம். அந்த கௌசர் பதிவ மட்டும் பாருங்க. தெனம் காலையில என் தலை மேல வந்து குந்திக்கிது.”

பார்த்தேன். கௌசர் என்ற பெண், ஷூவின் மேல்பாகம் தைக்கும் மிஷினைப் போட்டிருக்கிறாள். விலை நியாயம். படம் தெளிவு. ‘மகள் படிப்புக்காக அவசரம்’ என்று முடித்திருக்கிறாள். அவசரம் யாருக்கு இல்லை?

செப்டம்பர் 6, வெள்ளி

கௌசர் பதிவின் கீழே, காலை 7.46, 7.49, 7.50, 7.53. நான்கு பெண்கள். நான்கு பேரும் ‘இன்னும் இருக்குதா?’

செப்டம்பர் 9, திங்கள்

இன்று ஐந்து பேர், பத்து நிமிடத்துக்குள். கௌசர் எட்டரைக்குப் பதில் எழுதுகிறாள். பகல் முழுக்க அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வாங்க நினைப்பவர்கள் இப்படியா இருப்பார்கள்? பிறகு மாலை ஆறேகாலுக்கு மறுபடி வருகிறார்கள். காலையும் மாலையும் ஏற்றம், மாத்திரை வேளை போல.

பூட்டினேன். மேலே ‘விதி மீறிய பதிவு’ என்று எழுதினேன். தூக்கம் நன்றாக வரும்.

செப்டம்பர் 11, புதன்

கௌசர் வீட்டுக்கே வந்துவிட்டாள். யாரிடம் விலாசம் வாங்கினாளோ. நாற்பது வயதிருக்கும். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். நானும் உள்ளே கூப்பிடவில்லை.

“மேடம், அதுங்கல்லாம் நெசமான ஆளுங்க. சம்பளம் வாங்கிக்கினு வந்து பாக்கறேன்னு ரெண்டு பேரு சொல்லியிருந்தாங்க. நீங்க எழுதினத பாத்துட்டு பயந்துக்கினாங்க. ஏமாத்துற மிஷினோன்னு.”

“அஞ்சு பேருக்கும் ஒரே பத்து நிமிஷத்துலதான் நேரம் கெடச்சுதா?”

“ஒரே பஸ் மேடம். கம்பெனி பஸ்ல இருந்துதான் கேக்கறாங்க.”

ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டு கேட்கிறார்கள் — அவள் வாயாலேயே வந்துவிட்டது. அதைச் சொன்னேன்.

“நீங்க கம்பெனியில இருந்தவங்கன்னு சொன்னாங்களே மேடம். உங்களுக்குத் தெரியாததா?”

“தெரிஞ்சதாலதான் பூட்டினேன்.”

“பொண்ணுக்கு வேலூர்ல நர்சிங் சீட்டு கெடச்சிருக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணும்.”

ஞாயிறு மாலை எழுதச் சொன்னேன். ஒருத்திக்காகத் தளர்த்தினால் நாளைக்கு நூறு பேர் கேட்டில் நிற்பார்கள். அவள் சத்தம் போடாமல் போனது எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

பகல் முழுக்க மின்சாரம் இல்லை. கௌசர் இரண்டு செய்தி அனுப்பியிருக்கிறாள். திறக்கவில்லை. ஞாயிறு என்றால் ஞாயிறு.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆலய ஆராதனை முடிந்து ஹெலனோடு நடந்து வந்தேன். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன் — என் சாமர்த்தியத்தைச் சொல்லத்தான், வேறெதற்கு?

ஹெலன் நின்றுவிட்டாள். “ஆன்ட்டி, அவங்க போனை கம்பெனி கேட்லயே வாங்கி வச்சிடுவாங்களே. எட்டு மணிக்குக் குடுத்தா சாயங்காலம் வெளிய வரும்போதுதான் கையில கெடைக்கும். பஸ்ல இருக்கற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவங்களுக்கு.”

என் போனை யாரும் கேட்டதில்லை. நான் மாடி ஆபீஸுக்குப் போகிறவள். வாட்ச்மேன் அறையை ஒட்டி அந்த மர அலமாரி, சின்னச் சின்ன அறைகளாக, ஒவ்வொன்றிலும் ஒரு போன். தினமும் அதைத் தாண்டித்தானே படி ஏறினேன். எத்தனை வருஷம்? பாத்தேன். பாக்கலையா? என்னத்தைத்தான் பாத்தேன் நான்?

வந்ததும் கௌசரின் செய்திகளைத் திறந்தேன். வியாழன் காலை: ‘மேடம் அவங்க போன் கேட்ல இருக்கும். அதான் பகல்ல பதில் வரல. தயவு செஞ்சு திறந்து விடுங்க.’ இரண்டாவது, அன்று மாலை: ‘நாளைக்கு மட்டும் மேடம்.’

பூட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது.

செப்டம்பர் 16, திங்கள்

கௌசர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். முன்பே ஒத்திகை பார்த்திருந்தும் பாதியில் நின்றது.

“வுடுங்க மேடம். ரூல்னா ரூல்தானே.” குத்திக்காட்டவில்லை. குத்தியிருந்தால் தேவலை.

பணம் நான் தருகிறேன், கல்லூரியில் பேசுகிறேன் என்றேன். சனிக்கிழமை காலையிலேயே காத்திருப்புப் பட்டியலில் அடுத்ததாக இருந்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்களாம். அந்தப் பெண்ணும் யாரோ ஒருத்தியின் மகள்தான். அவளை இறக்கச் சொல்லி நான் எந்த வாயால் கேட்பது?

“மிஷின்?”

“அதையே பாத்துக்கினு உக்காந்திருந்தா பேஜாரா இருந்துச்சு. ஜெயசீலன் அண்ணன் வந்தாரு. பாதி வெலைக்கு எடுத்துக்கினு போய்ட்டாரு.”

மகள் நஸ்ரீன் டீ கொண்டுவந்தாள். பதினெட்டு வயது. என்னைப் பார்க்காமல் தம்ளரை வைத்தாள். அடுத்த மாதம் கம்பெனியில் சேர்க்கப்போகிறார்கள். “ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் அப்ளிகேஷன் போட்டுடலாம்” என்றாள் கௌசர். உள்ளேயிருந்து நஸ்ரீன், “நீ இன்னாம்மா, சொல்லிக்கினே இரு” என்றாள்.

டீயைக் குடித்து முடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார்கள்.

செப்டம்பர் 18, புதன்

குழுவில் மன்னிப்பு எழுத உட்கார்ந்தேன். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று ஆரம்பித்தேன். நேரவில்லை, செய்தேன். அழித்துவிட்டேன். வேறு வாக்கியம் வரவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

போட்டுவிட்டேன். நாலு வரி. கௌசர் எந்த விதியையும் மீறவில்லை, விசாரிக்காமல் பூட்டியது நான், மூன்றாவது விதியின் பூட்டு இனி கிடையாது. மாலைக்குள் அறுபத்து நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். முதல் ஆள் ஜெயசீலன்: ‘மேடத்தின் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன்.’

கௌசர் பார்க்கட்டும் என்று அவள் பெயரைத் தேடினேன். குழுவை விட்டுப் போய்விட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 23, திங்கள்

காலையில் என் அனுமதிக்காக ஏழு பதிவுகள் நின்றன. வந்த வரிசையில் பார்த்தேன். நான்காவது ஜெயசீலனுடையது. அந்த மிஷின். எண்ணெய் துடைத்து, கடை வாசலில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார். கௌசர் கேட்டதைவிட விலை அதிகம்.

நிராகரிக்கப் போனேன். ஃபேஸ்புக் காரணம் கேட்டது. ஒன்பது விதிகளையும் மேலிருந்து கீழாகப் படித்தேன். விலை இருக்கிறது. படம் தெளிவு. ஒரே பதிவு, ஒருமுறைதான் போட்டிருக்கிறார்.

அனுமதித்தேன். என் மன்னிப்புக்கு மேலே போய் நின்றது.

ஏழு ஐம்பதுக்கு அம்பிகா என்று ஒரு பெண் கீழே கேட்டிருக்கிறாள்: ‘இன்னும் இருக்குதா?’