பட்டை அவித்த தண்ணீர்

கல்லடி,
மாசி 1967

அன்பின் அத்தானுக்கு,

உன்னிச்சை விடுதியில் நுளம்பு அதிகம் என்றீர்கள். நுளம்பு வலையைப் பெட்டியின் அடியில்தான் வைத்தேன்.

வாவியில் மீன்கள் செத்து மிதந்ததற்காக மீனவன் தோமஸைப் பொலிஸார் பிடித்து வைத்திருக்கிறார்கள். முதல்நாள் மாலை, மீன்வலைக்குச் சாயமேற்ற மரப்பட்டை அவித்த தண்ணீரை அவன் கரையில் ஊற்றியிருக்கிறான். கண்டவர்கள் நஞ்சு கலந்தான் என்கிறார்கள். அவன் மனைவி றீற்றா வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, வருசக்கணக்கா வாவித் தண்ணிய அள்ளிப் போத்தல்ல அடைக்கிறீங்களே, அது இப்பயாவது வாய் திறக்காதா?"

மீன் செத்த இடத்துத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் சோதித்துவிட்டேன். நஞ்சில்லை. வயல்களிலிருந்து வடிந்த உரத்தால் பாசி பெருகி, இரவில் நீரிலிருந்த ஒட்சிசனை உறிஞ்சிவிட்டது. அந்த வயல்வட்டைகளுக்கு இரட்டிப்பு உரம் போடச் சொன்ன அதிகாரி யார் என்று கட்டாயம் கேட்பார்கள். உங்கள் பதவி உயர்வு இன்னும் உறுதியாகவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நாளைக் காலை நீதவான் முன் சாட்சி சொல்லப் போகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். நீங்கள் வேண்டாம் என்றால் நான் உங்கள் சொல்லைக் கேட்டுவிடுவேன். அந்தப் பயத்தில்தான் நேரில் வராமல் தபாலில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வழமைபோல் வருவீர்களா? மீன் இல்லை, பருப்புக் கறிதான்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி