ஓட்டல் முகப்பு வள்ளி

ஆடி 1, திங்கள்

காலையில் தூறல், அப்புறம் சுள்ளென்று வெயில். சாரத்துப் பலகை வழுக்கியது என்று நைனா சொன்னார். நைனாதான் மேஸ்திரி, மேலே சுதை வேலை அவருக்கு; மகள் எனக்குக் கீழேதான் வேலை. சுண்ணாம்பு அரைப்பது, கடுக்காய்த் தண்ணீர் ஊற்றுவது, சட்டியில் எடுத்துக் கொடுப்பது. விரலிடுக்கெல்லாம் வெந்துபோய்விட்டது. தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும்.

மலையடிவாரத்துப் பழைய ஓட்டல். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். முகப்பில் முளைத்திருந்த அரசஞ்செடியைப் பிடுங்கியாயிற்று. தூண்கள் முடிந்தன. உச்சியில் சுண்ணாம்பில் செய்த சுதைச் சிலைகள்: முருகன், இரண்டு பக்கமும் வள்ளி, தெய்வானை. வள்ளிக்கு முகமே இல்லை, மழையில் கரைந்துவிட்டது. இன்று நைனா புது முகம் வைத்தார். வெயில் கண்ணில் குத்தியதால் நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஆடி 2, செவ்வாய்

கூட வேலை செய்கிற சரசக்கா என்னைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். மறுபடி என்னை.

"ஏ தேசம்மா, மேல நிக்கிறது நீதான்டி."

பார்த்தேன். நான்தான். அகலக் கன்னம், சப்பை மூக்கு, ஒரு பக்கம் இறங்கின உதடு. அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை.

ஆடி 3, புதன்

டீக்கடைக்குத் தெரிந்துவிட்டது. குடத்தோடு போனால், வள்ளியம்மா வராங்க, வழி விடுங்கப்பா என்கிறார்கள். ஏழாவதில் என்னோடு படித்த இரண்டு பெண்கள், பள்ளிக்கூடப் பையோடு போனவர்கள், நின்று மேலே கை காட்டிச் சிரித்தார்கள். நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

அதுகூடப் பரவாயில்லை. மத்தியானம் புத்தூர்ப் பக்கத்துக் காவடிக்காரர்கள் வந்தார்கள். ஓர் அம்மாள் தெருவிலேயே நின்று முகப்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கீழே நான், சுண்ணாம்புச் சட்டியோடு, கிழிந்த பாவாடை. மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாதவள். என் மூக்கை, என் வாயைக் கும்பிடுகிறாள். உடம்பெல்லாம் கூசியது.

வெள்ளிக்கிழமை கண் திறப்பு. கண்ணில் கறுப்பு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டால் அது சாமி. அதற்குமேல் யாரும் உளி வைக்க மாட்டார்கள். அதற்குள் நைனாவிடம் சொல்லிவிட வேண்டும்.

சோறு போடும்போது சொல்ல வாயெடுத்தேன். இன்னா என்றார். ரசம் ஊற்றவா என்று கேட்டேன்.

ஆடி 4, வியாழன்

ஓட்டல் முதலாளி வந்தார். தூண்களைப் பார்த்தார், வளைவுகளைப் பார்த்தார், வள்ளியைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். உசிரோட பாக்குது மேஸ்திரி என்றார். நைனாவுக்குப் பீடிகூடப் பற்ற வைக்கத் தோன்றவில்லை. எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வேலையை இப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படியும் சொன்னேன். சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு, சாரத்தின் கீழே நின்று.

"நைனா, அது என் மூஞ்சி. எல்லாரும் சிரிக்கிறாங்க. மாத்திடு நைனா."

மேலே பார்த்தார். தெருவுக்குப் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார். நிஜமாகவே அதுவரை அவருக்குத் தெரியாது.

"வள்ளிய நினைச்சுகினுதாம்மா வச்சேன்."

ஏறினார். முதலில் கும்பிட்டார். பிறகு உளி. கன்னம் விழுந்தது, மூக்கு விழுந்தது. அரைத்த சுண்ணாம்பு கொஞ்சம்தான் மிச்சம், அதுவும் பாதி இறுகிப்போனது. தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் இன்னொரு முகம்.

ஆடி 5, வெள்ளி

புது முகம் நன்றாக இல்லை. கன்னம் ஒட்டி, வாய் கோணி. யார் மாதிரியும் இல்லை.

முதலாளி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னா மேஸ்திரி, நேத்து நல்லா இருந்துச்சே."

நான் தட்டில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். நைனா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆங், கை தவறிடுச்சுங்க. முன்ன மாதிரி கண்ணு தெரியறதில்ல."

முதலாளி உச்சுக்கொட்டினார். நல்ல நேரம் போய்விடும் என்று ஐயர் அவசரப்படுத்தினார். நைனா ஏறிக் கண்ணில் கறுப்பு வைத்தார். கற்பூரம். எல்லாரும் கும்பிட்டார்கள். நானும்.

ஆடி 7, ஞாயிறு

முன்பக்கச் சாரம் பிரித்தாயிற்று. இனிப் பின்சுவர் மட்டும். காற்று பலம், கண்ணெல்லாம் தூசி.

டீக்கடையில் என்னை இப்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நைனாவைச் சொல்கிறார்கள். மேஸ்திரி, உன் வள்ளிக்குப் பல்லு வலியா என்று கேட்டார்கள். நைனாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். டீயை முழுசாகக் குடிக்கவில்லை.

ஓட்டல் முன்னால் போனால் வீடு கிட்டத்தான். நைனா பின்கதவால் இறங்கி, மார்க்கெட்டைச் சுற்றி நடந்தார். கரணையும் உளியும் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால்.