ரெண்டு பேருக்கும் ஒரே நேர்த்தி

அன்புத் தங்கச்சிக்கு,

குச்சனூர் சனீஸ்வரர் புண்ணியத்துல இப்ப நல்லாருக்கேன். போன்ல சொன்னா கத்துவே, அதான் எழுதுறேன்.

பிரஷரும் சுகரும் சேந்து உன் கிட்னியைக் கெடுக்குதுன்னு டாக்டர் சொன்னாகல்ல, அதுக்காகச் சனிக்கிழமை விரதம் இருந்தேன். எனக்கும் அதே சீக்குதானே. வெறும் வயித்துல சுகர் மாத்திரையைப் போட்டுட்டுப் போயி, கோயில் வரிசையிலயே மயங்கிட்டேன். ஆஸ்பத்திரியில நர்சம்மா, "ஏன் ஆத்தா, பட்டினி கெடன்னு சாமியா கேட்டாரு?"ன்னு வைஞ்சாக.

அதான் நேர்த்தியை மாத்திட்டேன். பட்டினிக்குப் பதிலா, உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்ன கருவாட்டையும் ஊறுகாயையும் விட்டாச்சு. உன் பேரையும் சேத்தே நேந்துருக்கேன். டாக்டர் பேச்சை மீறுவே, சனீஸ்வரருக்குக் குடுத்த வாக்கை மீறுவியா?

உன் அடுப்படியில இருக்குற நெத்திலிக் கருவாட்டை இன்னைக்கே எதுத்த வீட்டுக்குக் குடுத்துரு. இங்கன எனக்கும் நாக்கு ஊறத்தான் செய்யுது.

உன் அக்கா